மார்க் இல்லாத ஷார்ட்ஸ்

எங்கள் வீட்டில் கசங்கிய துணியோடு யாரும் வாசல் தாண்டக் கூடாது. குப்பை கொட்டப் போனாலும் சரிதான். அப்பா சலவைக் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் தேய்ப்பு மேசை, அதற்குப் பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், கடைசியில் நாங்கள் குடியிருக்கும் அறைகள், மேலே மொட்டை மாடியில் கொடிகள். தெருவில் பாதிப் பேர் விறைப்பாக நடப்பதற்குக் காரணம் முதுகெலும்பு அல்ல, அப்பாவின் இஸ்திரிப் பெட்டி. "கடைக்காரன் பொண்ணே கசங்கிப் போய் வர்றா பாரு" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் தொழில் போச்சு என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடக் காலத்தில் என் சீருடை மடிப்பில் பென்சில் சீவலாம் என்று கூடப் படித்ததுகள் கேலி செய்யும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் ஓட ஆரம்பித்தேன்.

காரணம் லிஃப்ட். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் எனக்குப் புகார் மேசையில் வேலை. ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் திட்டுவது என்னைத்தான். நான் திருப்பித் திட்டுவேன், மரியாதையாக. எங்கள் அலுவலகம் நாலாவது மாடியில் இருக்கிறது. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் வேலை செய்யாது. யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

ஒரு நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவு அக்கா என்னைத் தாண்டிப் போனார். என்னைவிட மிகவும் மூத்தவர், கல்லூரி போகும் மகன் இருக்கிறான். கையில் இரண்டு கோப்புக்கட்டு வேறு.

"என்ன, புகார் மேடம்? உன்னைத் தூக்க லிஃப்ட் அனுப்பச் சொல்லட்டுமா?"

எனக்குக் கோபம் வந்தால் செய்துகாட்டியே தீர வேண்டும் என்கிற வியாதி உண்டு. நான் பட்டம் வாங்கியதும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த புதிதில் எதிர்வரிசை வங்கிக்காரர், "படிச்சுட்டு என்னம்மா செய்யப் போறே, கடையில உக்காந்து பொட்டலம்தானே மடிக்கணும்" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே எல்லாத் தேர்வையும் எழுதி முடித்தேன். அக்காவின் கேள்விக்குப் பதிலாக மறுநாள் காலை பூங்காவில் போய் நின்றேன்.

போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கடையில் ஒரு பெட்டி உண்டு, யாரும் வந்து வாங்காமல் விட்டுப்போன துணிகள் கிடக்கும். அதிலிருந்து ஒரு பெயின்ட் விளம்பரப் பனியனையும், யாரோ ஒரு குண்டு மனிதரின் பைஜாமாவையும் எடுத்து வைத்தேன். காலையில் பார்த்தால் பனியன் தேய்த்து மடித்து நாற்காலியில் இருக்கிறது. தேய்த்தது மட்டுமா, கஞ்சியும் போட்டிருந்தார் அப்பா.

"வெளிய போறியே, விறைப்பா இருக்க வேண்டாமா?"

கஞ்சி போட்ட பனியனில் ஓடுவது அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஓடுவது மாதிரி. பூங்காவின் ஒரு சுற்று முடிவதற்குள் அக்குள் இரண்டும் தோலுரிந்துவிட்டன. மறுநாள் கைகளை விரித்துக்கொண்டே நாலு மாடி ஏறினேன். அக்கா பார்த்ததும் கோப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்னார்.

"மொதல்ல உள்ள போடறதை வாங்கு. அப்புறம் ஷூ. மத்ததெல்லாம் நீ எவ்வளவு தூரம் ஓடறியோ அதுக்கேத்த மாதிரி மெதுவா. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கினா துணிதான் ஓடும், நீ ஓட மாட்டே."

உள்ளே போடுவது என்றால் ஸ்போர்ட்ஸ் பிரா. இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. ஓடும்போது எது குலுங்குகிறது என்று தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் சொன்னால் மட்டும் குற்றமா? தள்ளுபடியில் வாங்கினேன். போடுவது சுலபம், கழற்றுவதுதான் பெரும்பாடு. வியர்த்த உடம்பில் அது தலைவரை வந்து சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே. அந்த நேரம் பார்த்து அம்மா அறைக்குள் வந்தார்.

"ஏண்டி, யாருகிட்ட சரணடையறே?"

அதற்குப் பிறகு ஷூ, போன வருஷத்து மாடல், யாருக்கும் பிடிக்காத பச்சை நிறம், அதனாலேயே மலிவு. பிறகு நடைபாதைக் குவியலில் பொறுக்கிய பாலியஸ்டர் பனியன். அதைப் பார்த்துத்தான் அப்பா முதல்முறையாக உண்மையாகவே கலங்கினார். விரலால் கசக்கிப் பார்த்தார். விட்டதும் அது பழையபடி ஆகிவிட்டது. மறுபடி கசக்கினார்.

"இது கசங்கவே மாட்டேங்குதே."

"அதுக்குத்தான்ப்பா வாங்கினேன்."

"எல்லாரும் இதையே போட ஆரம்பிச்சா நான் எதைத் தேய்க்கிறது? அவங்கவங்க முதுகையா?"

இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கதவு வைத்த புதுச் சலவைக் கடை ஒன்று அப்போதுதான் திறந்திருந்தது. குளிர்சாதனம், ரசீது, உறை போட்ட சட்டை எல்லாம் உண்டு. அப்பா அதன் பெயரைச் சொல்லமாட்டார். 'அந்தக் கண்ணாடி' என்பார். அதனால் நான் பாலியஸ்டர் பற்றி மேற்கொண்டு வாதம் செய்யவில்லை.

ஓட்டம் நீண்டது. மூச்சுக்குத் திணறியவள் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு வந்துவிட்டேன். ஊரில் நடக்கப்போகும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அக்கா என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பயிற்சி எடுக்கும்போதுதான் கால்சட்டைப் பிரச்சினை முளைத்தது. பைஜாமாவுக்குப் பதிலாக வாங்கிய முழுநீள டிராக் பேன்ட் பாதித் தூரத்தில் ஈரச்சாக்கு ஆகிவிடும். தொடைகள் உரசி, வீட்டுக்கு வந்தால் தண்ணீர் பட்டதும் கத்துவேன். எந்தக் களிம்பும் உதவவில்லை.

அம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு ஓடினா என்னம்மா ஆகும்?"

அம்மா துணியை உதறிக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் ஆகாது. தெரு உன் முட்டியைப் பாக்கும். அப்புறம் துணியைத் தூக்கிக்கிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போகும். அவ்வளவுதான்."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, பெரிய பதில். தெருவின் உள்ளாடை முழுக்க நம் கொடியில் காய்கிறது, என் முட்டியைப் பார்த்து இவர்களுக்கு என்ன அதிர்ச்சி என்று தொடங்கும். அலுவலகத்தில் என்றால் அந்த இடத்திலேயே பேசியிருப்பேன். வீட்டில் வாயை மூடிக்கொண்டு போய் ஷார்ட்ஸை வாங்கி வந்தேன், யாருக்கும் தெரியாமல்.

ஏற்றுமதியில் கழித்த துணி விற்கும் கடையில், மாடியிலிருந்த பெண்கள் பிரிவுக் குவியலில் கிடைத்தது. கறுப்பு, முட்டிக்குச் சற்று மேலே முடியும். உள்ளே தொடையைப் பிடித்துக்கொள்ள ஒரு இறுக்கமான அடுக்கு, பின்பக்கம் இருட்டில் மின்னும் ஒரு வெள்ளிக் கோடு, இடுப்புப் பட்டையின் உட்புறம் சாவி வைக்க விரல் அகலத்தில் ஒரு குட்டிப் பை. லேபிளை வெட்டி எடுத்திருந்தார்கள், அதனால்தான் எனக்குக் கட்டுப்படியாகும் விலை. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் ஓடியபோது என் கால்கள் எனக்கே புதியவை மாதிரி இருந்தன. இத்தனை நாளும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டா ஓடினேன் என்று டிராக் பேன்ட் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

ஏற்பாடு இதுதான். வீட்டிலிருந்து டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு கிளம்புவேன், உள்ளே ஷார்ட்ஸ். பூங்காவில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் பேன்ட்டைக் கழற்றிப் பையில் வைப்பேன். திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொள்வேன். துவைத்துக் காயப்போடுவதுதான் சிக்கல். அறைக்குள் போட்டால் ஈர நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். யோசித்து, மொட்டை மாடியில் கடைத் துணிகளுக்கு நடுவே போட்டேன். ஊரே காய்கிற கொடியில் என்னுடையது ஒன்று யார் கண்ணில் படும்? சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும், அம்மா மாடி ஏறுவதற்கு முன் எடுத்துவிடுவேன்.

கடைத் துணி ஒவ்வொன்றிலும் மார்க் இருக்கும். உள்மடிப்பில் வண்ண நூலால் அப்பா போடும் தையல். டீச்சர் வீட்டுக்கு இரண்டு சிவப்புப் புள்ளி, மருந்துக்கடைக்காரருக்குப் பச்சைக் கோடு, வங்கிக்காரருக்கு நீலத்தில் பெருக்கல் அடையாளம். எங்கள் வீட்டுக்கு மார்க் கிடையாது. எங்கள் துணி கடைத் துணியோடு கலக்கவே கூடாது என்பது சட்டம், பிறகு மார்க் எதற்கு?

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர், "நான் யாரு தெரியுமா?" என்று போனில் கத்தினார். "லிஃப்டுல மாட்டிக்கிட்டவர்னு தெரியும் சார், மத்ததை வெளிய வந்ததும் சொல்லுங்க" என்றேன். ஆள் அனுப்பி வெளியே எடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்து மாடி ஏறினால் கொடி காலி.

வியாழக்கிழமை அப்பாவின் அலமாரியைச் சாக்குச் சொல்லிச் சொல்லித் துழாவினேன். விட்டுப்போன துணிப் பெட்டியிலும் இல்லை.

"என்னடி தேடறே?" என்றார் அம்மா.

"கைக்குட்டை."

"அதுக்கு எதுக்குடி டீச்சர் வீட்டுப் போர்வையைப் பிரிக்கிறே?"

வெள்ளிக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் டிராக் பேன்ட்டிலேயே பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது, பின்பக்கம் வெள்ளிக்கோடு மின்ன.

வங்கிக்காரரின் இடுப்பில்.

வங்கிக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் அவரை நடக்கச் சொல்லி இரண்டு மாதம் இருக்கும். அன்றைக்கே அவர் முழு ஆயத்தத்தில் இறங்கிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் மச்சான் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுத் துணி அனுப்பினார். துடிப்பு பார்க்கும் கடிகாரம், மணிக்கட்டுப் பட்டை, நெற்றிப் பட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வந்துவிட்டது. நடைதான் இன்னும் வரவில்லை. பூங்கா வாசலிலிருந்து டீக்கடை வரை போவார், அங்கே உட்கார்ந்துவிடுவார். மார்க் இல்லாத விளையாட்டுத் துணி ஒன்று கையில் கிடைத்ததும் அப்பா என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். தெருவில் இப்படித் துணி வைத்திருப்பவர் ஒருவர்தான். பெட்டி நிறைய வைத்திருப்பவருக்கோ எது தன்னுடையது என்று தெரியாது.

"என்னம்மா, ஓட்டமெல்லாம் எப்படிப் போகுது?" என்று நின்றார்.

"போகுது சார்." என் கண் அவர் இடுப்பிலேயே இருந்தது. பட்டை அலறுகிற மாதிரி இழுபட்டிருந்தது. என் பட்டை.

அவர் என் டிராக் பேன்ட்டை மேலும் கீழும் பார்த்தார், பரிதாபமாக. "ஒரு விஷயம் சொல்றேன், தப்பா நினைக்காதே. இந்த மாதிரி பேன்ட்டெல்லாம் ஓட்டத்துக்கு ஆகாது. நல்லதா வாங்கணும். இதப் பாரு," என்று தொடைப் பக்கத்தைச் சுண்டிக் காட்டினார். "வெளிநாட்டுச் சரக்கு. போட்டிருக்கிறதே தெரியலை. உடம்போட ஒட்டிக்கும்."

"தெரியுது சார். ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

"கொஞ்சம் விலை ஆகும். ஆனா மலிவுல வாங்கினா மலிவாத்தான் ஓட முடியும்."

லிஃப்டில் மாட்டியவர்களை நான் விரட்டிய விரட்டு என்ன, இங்கே வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்ற நிலை என்ன! 'அது என்னோடது, கழட்டுங்க' என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். "ஞாபகம் வச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கோபத்தில் அன்றைக்கு நான் ஓடிய வேகம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

அலுவலகத்தில் அக்காவிடம் சொன்னேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"அவர் இடுப்புல ஏறினப்புறம் எலாஸ்டிக் உயிரோட இருக்குமா?"

"அக்கா, நான் அழுதுடுவேன்."

"அழுது என்ன பண்றது? உன் துணின்னு கேளு."

"எப்படி கேக்கறது?"

"என் துணின்னு. மூணு மாசமா இந்த மாடி முழுக்க உன் சத்தம்தான் கேக்குது. வீட்டுல மட்டும் ரேடியோ ரிப்பேரா?"

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். நான் உள்பக்கம் தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் சட்டைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம், வங்கிக்காரர் சொன்ன அதே பொட்டலம்தான், விடுமுறை நாளில் உதவிக்கு. டீச்சர் தன் புடவைகளுக்காக நின்றிருந்தார். மருந்துக்கடைக்காரர் பெஞ்சில். அப்போது வங்கிக்காரர் வந்து, என் ஷார்ட்ஸைத் தேய்ப்பு மேசையின் மேல் தூக்கிப் போட்டார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க இதை?"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன சார்?"

"சுருக்கிட்டீங்க. ஷூ கயிறு கட்டக் குனிஞ்சேன், டர்ருன்னு உள்பக்கம் கிழிஞ்சிடுச்சு. நடு பூங்காவுல!"

டீச்சர் புடவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா எடுத்துப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தையலை விரலால் நீவி, உள்ளே புரட்டி. "சார், இதை நான் வெந்நீர்லயே போடலை. இந்தத் துணி சுருங்கற ஜாதியும் இல்லை."

"அப்ப என் இடுப்பு ஒரே வாரத்துல பெருத்துடுச்சா?"

"இல்லீங்க சார், அப்படிச் சொல்லலை..."

"மச்சான் அனுப்பின சரக்கு. இங்க கிடைக்கவே கிடைக்காது. கண்ணாடிக் கடையில போடுன்னு வீட்டுல சொன்னா, நான்தான் பழகின கடைன்னு இங்க போட்டேன்."

  மருந்துக்கடைக்காரர் மேசையில் தயாராக இருந்த தன் பொட்டலத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார், அதில் ஏதாவது சுருங்கியிருக்குமோ என்பதுபோல்.

அப்பா தன் வேலையில் தப்பு என்று என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் பொத்தானை உடைத்தால்கூடப் பொத்தான்தான் மட்டம். அப்படிப்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு நடந்திருக்கும் சார். வேற வாங்கித் தந்துடறேன்."

என்னிடம் அந்தப் பெரிய பதில் இன்னும் தயாராகத்தான் இருந்தது. எழுந்து வந்தபோது அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"அது சுருங்கலை. அது என்னோடது."

"எது?" என்றார் வங்கிக்காரர்.

"அந்த ஷார்ட்ஸ். நான் வாங்கினது. நான் போட்டுக்கிட்டு ஓடறது. உங்க மச்சான் அனுப்பலை, ஏற்றுமதிக் கழிவுக் கடையில குவியல்ல கிடந்தது. அப்பா மேல தப்பு இல்லை. நான்தான் கொடியில காயப்போட்டேன்."

"என்னம்மா சொல்றே? இது ஆம்பளைங்க..."

"அப்பா, இடுப்புப் பட்டைக்கு உள்ள சின்னதா ஒரு பை இருக்கும். பாருங்க."

அப்பா விரலை விட்டார். சிவப்பு நிறத்தில் என் தலைமுடி ரப்பர் வளையம் ஒன்று வெளியே வந்தது, இரண்டு முடிகளோடு.

டீச்சரால் அதற்கு மேல் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, சார்! அதைப் போட்டுக்கிட்டா நேத்து என் வீட்டு வாசல்ல நின்னு உடற்பயிற்சி பத்திப் பேசினீங்க?"

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டார், "வயசுப் பொண்ணு இதைப் போட்டுக்கிட்டா தெருவுல ஓடுது?"

கேட்கக்கூடாத கேள்வி இதுதான். அம்மா துவைக்கும் அறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தார். அப்பா ரப்பர் வளையத்தை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் ஷார்ட்ஸை வைத்து, இரண்டையும் பார்த்தார்.

"ஆமா. அதான் சொல்றாளே" என்றார். "உங்க சட்டை ரெடி, எடுத்துக்கோங்க."

வங்கிக்காரர் வெளியேறிவிட்டார். "சார், உங்க ரெண்டு சட்டை..." என்று அப்பா கூப்பிட்டதற்கு, திரும்பாமலே கையை ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். எதற்கும் தயாராக. முதலில் வாய் திறந்தது அம்மா.

"அதை அவரு போட்டாரு இல்ல? ரெண்டு தண்ணி அலசாம தொடாதே."

பிறகு அப்பா. முகம் சிவந்திருந்தது. "உனக்கு அறிவிருக்கா? நம்ம துணியைக் கடைத் துணியோட கலந்தியா? மார்க் இல்லாம? நாளைக்கு ஒருத்தன் கடையை நம்பித் துணி போடுவானா?"

"அப்பா, ஷார்ட்ஸ் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"கேக்கறேன். லேபிளை எவன் வெட்டினது? எவ்வளவு சூடு வைக்கணும்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "அந்தப் பையைப் பாக்காம விட்டுட்டேன் பாரு."

மாதக்கணக்கில் நான் தயாரித்து வைத்த பேச்சு அப்படியே கிடந்தது. இந்த வீட்டில் ஒழுங்காகச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அது நாற்காலியில் இருந்தது. அலசி, காயவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து. தைத்தது அம்மா, அவர் தையல்தான் அவ்வளவு நெருக்கமாக இருக்கும். தேய்த்தது யார் என்று சொல்லவே வேண்டாம். இரண்டு காலிலும் முன்பக்கம் நடுவில், கத்தி மாதிரி ஒரு மடிப்பு.

"ஓடற ஷார்ட்ஸுக்கு மடிப்பு எதுக்குப்பா?"

"மடிப்பு இல்லாம நம்ம வீட்டுத் துணி வெளிய போகாது."

இடுப்புப் பட்டையைப் புரட்டினேன். உள்ளே மஞ்சள் நூலில் மூன்று சின்னக் கோடுகள். எங்களுக்கு மார்க்.

"மூணு எதுக்கு? நம்ம மூணு பேருக்கா?"

"மிச்ச நூல் அவ்வளவுதான் இருந்தது" என்றார் அப்பா.

அம்மா என் முட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "இதுக்கு மேல குட்டையா வாங்கினே, நானே கத்தரிச்சுக் கரித்துணி ஆக்கிடுவேன்." டிராக் பேன்ட்டை எடுத்துத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தெரு முழுக்க அப்படியே நடந்து போனேன். பால் வாங்க வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் பாலைக் கவனித்தார்கள்.

பத்து கிலோமீட்டரை ஓடி முடித்தேன், கடைசியில் வந்த கூட்டத்தில். தொடை உரசவில்லை. எலாஸ்டிக் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டேன். முடிவுக் கோட்டில் அக்கா தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார். என்னைப் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இது என்னடி, ஆபீசுக்கா போறே? ஷார்ட்ஸுல மடிப்பு!"

"எங்க கடை வேலை, அக்கா."

திரும்பி வந்தபோது அப்பா கடை திறந்திருந்தார். எழுந்து வந்து என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "இடது கால் மடிப்பு போயிடுச்சு" என்றார் அதிருப்தியோடு. பிறகு அலமாரியிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே நீலப் பெருக்கல் அடையாளம்.

"அவரு சட்டை. நேத்து வாங்காம போயிட்டாரு. குடுத்துட்டு வா."

"இப்படியேவா?"

"பின்ன எப்படி? வேர்வை படாம தள்ளிப் பிடி."

வங்கிக்காரரே கதவைத் திறந்தார். வேட்டியில் இருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கடைசியில் கண் கீழே இறங்கி அந்த மடிப்பில் நின்றது. இப்போது ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பேச்சு முழுதாக நாக்கு நுனியில் இருந்தது.

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டார்.

"அந்தக் கடை எங்கம்மா இருக்கு?" என்றார் மெதுவாக. "மச்சான் அனுப்பினது எதுவுமே அவ்வளவு வசதியா இல்லை. ரெண்டு சைஸ் பெருசா கிடைக்குமா?"

கடைக்கு வழி சொன்னேன். பெண்கள் பிரிவு எந்த மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன். "படியிலேயே போங்க."